பனிமலையில் ஒரு வாரம்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை ரொறன்ரோவில் நடத்திய குளிர்கால ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் நூற்றாண்டு நெருங்கும் நேரத்தில் பழைய நினைவுகளைப் பேசத்தான் எல்லோருக்கும் விருப்பம். எனக்குக் கிடைத்ததோ கணக்குப் பேசும் வேலை. செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. கொலிங்வூட் பக்கத்தில் பனிச்சறுக்கு மலையடிவாரத்தில் உள்ள ஒரு விடுதியில், பெப்ரவரி மாதத்தில் ஒரு வாரத்தைச் சொந்தமாக வாங்குவது. இருபது பேர் ஆளுக்கு 1,000 டொலர் போட்டால் 20,000 டொலர். வருடாவருடம் முறை வைத்துப் போய்வரலாம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சறுக்கி விளையாடலாம், நாங்கள் நெருப்புக்கு முன்னால் இருந்து கதைக்கலாம். மிஞ்சும் வருடங்களில் அந்த வாரத்தை வாடகைக்கு விட்டுக் கல்லூரிக்குக் காசு அனுப்பலாம். இதுதான் யோசனை. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. கையுயர்த்துவதற்கு முன் இதன் நன்மை தீமைகளை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தலைவர் கேட்டார். நான் வர்த்தகப் பிரிவில் படித்தவள் என்பதைவிட, ஒருமுறை இப்படியான பத்திரத்தில் கையெழுத்து வைத்தவள் என்பதுதான் என்னைத் தெரிவுசெய்த காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டில் இதற்கு ரைம்ஷெயர் என்று பெயர். நாங்கள் வாரப் பங்கு என்று சொல்லிக்கொள்வோம். இது என்னவென்று உங்களுக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் இது எங்களுக்குப் புதிதல்ல. ஊரில் தோட்டக் காணி உறுதிகளைப் பார்த்திருப்பீர்கள். காணியின் எல்லைகளைச் சொல்லிவிட்டுக் கடைசியில் "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்" என்று எழுதியிருக்கும். ஒரு கிணறு, நாலு பங்காளர். இன்றைக்கு ஒருவர் இறைப்பு, நாளைக்கு மற்றவர். வாரப் பங்கும் அதேதான். ஒரு வீடு, 52 வாரம், 52 பங்காளர். உங்கள் முறை வரும்போது நீங்கள் போய் இருக்கலாம்.

பங்குக் கிணற்றின் மற்றப் பக்கமும் உங்களுக்குத் தெரியும். கிணறு கலக்கி இறைக்க வேண்டும், கட்டு வெடித்தால் பூச வேண்டும். அப்போது ஒரு பங்காளர் கொழும்பில், ஒருவர் லண்டனில், ஒருவர் காசில்லை என்பார். கடைசியில் ஊரில் இருக்கிற ஒருவர்தான் முழுச் செலவையும் சுமப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

இந்த வியாபாரம் பிறந்ததே பனிச்சறுக்கு மலையில்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1960களில் பிரெஞ்சு அல்ப்ஸ் மலையில் சுப்பர்டெவொலுயி என்ற இடத்தில், அறையை வருடாவருடம் வாடகைக்கு எடுப்பதைவிட உங்களுக்கு வேண்டிய வாரத்தையே வாங்கிவிடுங்கள் என்று விற்றார்கள். பனிச்சறுக்கு இடங்களில் எல்லோருக்கும் ஒரே சில வாரங்கள்தான் தேவை. நத்தார் விடுமுறை, பெப்ரவரியில் குடும்ப தினம், மார்ச் மாதப் பாடசாலை விடுமுறை. அந்த வாரங்களில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஆகவே ஒரு வாரத்தை உறுதியாகக் கையில் வைத்திருப்பதில் அர்த்தம் இருந்தது. 1974இல் அமெரிக்காவில் ஆர்சிஐ என்ற நிறுவனம் தொடங்கி, உன் வாரத்தை என்னிடம் தா, வேறு ஊரில் ஒரு வாரத்தைத் தருகிறேன் என்று மாற்றுக்கு வழி செய்தது. அதன்பிறகு இது உலகம் முழுவதும் பரவியது.

இன்றைக்கு மூன்று வகையாக விற்கிறார்கள். முதலாவது நிலையான வாரம். வருடத்தின் ஏழாம் வாரம் என்று எழுதியிருந்தால் அந்த வாரம்தான், வேறில்லை. கோயிலில் எங்கள் குடும்பத்துக்கு ஆறாம் திருவிழா உபயம் என்று இருப்பதைப் போல. இரண்டாவது மிதக்கும் வாரம். பருவகாலத்துக்குள் ஏதாவது ஒரு வாரத்தை முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவு திறக்கிற அன்றே முந்திக்கொள்ளாவிட்டால் நல்ல வாரங்கள் போய்விடும். மூன்றாவது புள்ளி முறை. வருடாவருடம் இத்தனை புள்ளிகள் தருவார்கள், விடுமுறை வாரத்துக்கு அதிகம், ஆள் வராத காலத்துக்குக் குறைவு. மாற்று நிறுவனங்கள் வாரங்களைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரிப்பதும் உண்டு. பனிமலையில் பனி உருகிச் சேறாகக் கிடக்கும் ஏப்ரல், மே மாதத்து வாரத்தை மலிவாக வாங்கிவிட்டு, அதைக் கொடுத்து பெப்ரவரி வாரம் எடுக்கலாம் என்று நினைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். மாம்பழக் காலம் முடிந்தபிறகு மாமரத்தில் ஏறும் உரிமை அது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் கனடாவுக்கு வந்து பல வருடங்கள் பனியைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவர்கள்தான். மகன் பாடசாலையோடு பனிச்சறுக்குப் போய்வந்து, "அம்மா, நீங்களும் வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்ததால்தான் 2009இல் முதன்முதலாக மலைக்குப் போனோம். கீழே சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவில் நான் பதினாலு தரம் விழுந்தேன். ஆனாலும் அந்த நாளைப்போல் நான் சிரித்த நாட்கள் குறைவு.

மதியம் சாப்பிடப் போன இடத்தில் ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு வந்து, 90 நிமிடம் ஒதுக்கி ஒரு விளக்கம் கேட்டால் நாலு பேருக்கும் மலையேறும் சீட்டு இலவசம் என்றாள். போனோம். தேநீர் தந்தார்கள், வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள், படம் காட்டினார்கள். 90 நிமிடம் மூன்று மணித்தியாலம் ஆனது. முதலில் ஒரு விலை. நாங்கள் தயங்கினதும் மேலாளர் வந்தார், விலை இறங்கியது. மறுபடி தயங்கினோம், இன்னொருவர் வந்தார், இன்னும் இறங்கியது. ஆனால் அந்த விலை இன்றைக்கு மட்டும்தானாம்.

விலையால் நாங்கள் விழவில்லை. கடைசியாக அந்த மனிதர் ஒரு கோப்பைத் திறந்து, "இது வாடகையல்ல, உறுதி. உங்கள் பெயரில் பதியப்படும். உங்களுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளுக்கு. ஒருவரும் பறிக்க முடியாது" என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன், அவருடைய கண் கலங்கியிருந்தது.

உங்களில் பலருக்கு விளங்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது, என் மாமியார் நகையைக்கூடப் பிறகுதான் தேடினார். முதலில் எடுத்தது பிஸ்கற் ரின்னுக்குள் சுற்றி வைத்திருந்த காணி உறுதிகளை. மழையிலும் சேற்றிலும் அந்த ரின்னைத் தென்மராட்சி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனார். பிறகு வீடு இருக்கவில்லை. உறுதி மட்டும் இருந்தது. அப்படி வந்த எங்களிடம் ஒருவர் உறுதி தருகிறேன், யாரும் பறிக்க முடியாது என்றால், நாங்கள் வட்டி வீதத்தையா பார்ப்போம்? கையெழுத்து வைத்தோம். கடனட்டையில் முற்பணமும் கட்டினோம்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், பிள்ளைகள் படுத்தபிறகு குசினி மேசையில் அந்தப் பத்திரத்தை விரித்து வைத்தேன். எங்களுக்குக் கணக்கியல் படிப்பித்த ரீச்சர் ஐந்தொகையை எப்படி எழுதச் சொல்வார் என்பது ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் சொத்துக்கள், மறுபக்கம் பொறுப்புக்கள். "பிள்ளைகள், பெயரைப் பார்த்து எழுதக்கூடாது. காசு உள்ளே வருகுதா, வெளியே போகுதா என்று பார்த்து எழுத வேணும்" என்பார். நான் எழுதிப் பார்த்தேன். சொத்துப் பக்கத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், போனாலும் போகாவிட்டாலும். அது எவ்வளவு ஏறும் என்பதற்கு வரம்பில்லை. கூரை பழுதானால் விசேட அறவீடு என்று தனியாகக் கேட்பார்கள். முடிவுத் திகதி இல்லை. எங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று அவர் சொன்னது உண்மைதான். வீட்டைப் பற்றிச் சொன்னதாக நாங்கள் நினைத்தோம், கட்டணத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

"இஞ்சாருங்கோ, இது உறுதியில்லை, ஈடு" என்று கணவரை எழுப்பிச் சொன்னேன். நல்ல காலம், ஒன்ராறியோச் சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. வாரப் பங்கு ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல் அதை இரத்துச் செய்யலாம். ஒன்பதாம் நாள் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். முற்பணம் திரும்பி வந்தது. இந்த அவகாசம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 5 நாள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 நாள். லண்டன், பாரிஸ், நோர்வேயில் இருக்கும் எங்கள் சகோதரிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்: எந்த நாட்டில் கையெழுத்து வைத்தாலும் அந்த நாட்டின் அவகாசம் எத்தனை நாள் என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சியும் வைத்திருக்க வேண்டும்.

இப்போது எங்கள் சங்கத்தின் கணக்கு. இவை நான் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள், உங்கள் எண்களைப் போட்டு நீங்களும் பார்க்கலாம். விலை 20,000 டொலர். முதல் வருடப் பராமரிப்புக் கட்டணம் 1,000 டொலர், வருடத்துக்கு 5 வீதம் ஏறுகிறது. அதே மாதிரியான இரண்டு படுக்கையறை வீட்டை அதே வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தால் 2,000 டொலர், அது வருடத்துக்கு 3 வீதம் ஏறுகிறது.

20 வருடத்துக்குக் கூட்டினால் பராமரிப்புக் கட்டணம் மட்டும் 33,000 டொலருக்குச் சற்று மேல். விலையோடு சேர்த்து 53,000. வாடகை 20 வருடத்துக்கு ஏறத்தாழ 53,700. ஒரு வருடம்கூடத் தவறாமல் போனால், 20 வருட முடிவில் வாங்கியவர்களுக்கு 700 டொலர் அளவில் மிச்சம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் வாடகைக்கு எடுப்பவர்கள் அந்த 20,000 டொலரை முதல் நாளே கொடுக்கவில்லை. அதை 4 வீத வட்டிக்கு வங்கியில் போட்டு, வாடகைக்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வருடாவருடம் அதிலிருந்தே எடுத்துக் கட்டினாலும், 20 வருடம் முடியும்போது 11,000 டொலருக்கு மேல் மிஞ்சும். வாங்கியவர்கள் கையில் என்ன இருக்கும்? ஒரு பத்திரமும், 2,500 டொலரைத் தாண்டிய வருடாந்தக் கட்டணமும் இருக்கும். அந்த நேரம் இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு வயது 75ஐத் தாண்டியிருக்கும்.

இது ஒருவரும் ஒரு வருடமும் தவறவிடாத கணக்கு. பங்குக் கிணற்றை நினையுங்கள். இருபது பேரில் ஒருவர் வன்கூவருக்குக் குடிபெயர்வார், ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, ஒருவருடைய மகளுக்குக் குழந்தை கிடைக்கும், ஒருவர் எங்களை விட்டுப் போய்விடுவார். அவர்களுடைய பங்கை யார் கட்டுவது? உறுதி யாருடைய பெயரில் இருக்கும்? இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் படுக்கலாம். இந்த வருடம் எந்த எட்டுப் பேர்? ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட எங்களுக்குள் ஒரு வாரத்தால் மனத்தாங்கல் வரவேண்டுமா?

இது கற்பனைப் பயமல்ல. இதே ஒன்ராறியோவில் பனிச்சறுக்கு மலையடிவாரத்தில் இருந்த ஒரு பங்கு விடுதி 2020இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாட வேண்டி வந்தது. கட்டணம் கட்டாதவர்கள் பெருகியது அதற்கான காரணங்களில் ஒன்று. ஒருவர் கட்டாமல் விட்டால் அந்தச் சுமை கட்டுகிறவரின் தலையில்தான் ஏறும்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அனுபவத்தையும் அவளுடைய அனுமதியோடு சொல்கிறேன். அவள் எங்களைப்போல் பத்து நாளுக்குள் விழிக்கவில்லை. முதல் ஐந்து வருடம் மகிழ்ச்சியாகவே போனார்கள், அதை மறுக்க மாட்டாள். பிறகு கணவருக்குச் சிறுநீரக நோய். வாரத்துக்கு மூன்று நாள் குருதி சுத்திகரிப்பு. பனிமலை வாரம் சும்மா கிடந்தது, கட்டணம் மட்டும் தவறாமல் வந்தது. விற்கப் பார்த்தாள், ஒருவரும் கேட்கவில்லை. விடுவித்துத் தருகிறோம் என்று தொலைபேசியில் ஒரு நிறுவனம் முன்பணம் வாங்கியது, அதன்பிறகு அந்த இலக்கமே வேலை செய்யவில்லை. கடைசியில் விடுதிக்கே ஒரு தொகை கட்டி, "தயவுசெய்து திருப்பி எடுங்கோ" என்று கொடுத்தாள். வாங்கவும் காசு, விடவும் காசு. முன்பணம் கேட்டு விடுவிக்க வருபவர்களை நம்பாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னாள்.

அப்படியானால் வாங்குவது எப்போதுமே பிழையா? இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும். இன்னொரு தோழி இருக்கிறாள், அவளுடைய குடும்பத்தில் எல்லோரும் பனிச்சறுக்கில் கெட்டிக்காரர்கள். ஏழு வருடம் ஒரே மலைக்கு, ஒரே வாரத்தில், வாடகைக்குப் போனார்கள். எட்டாம் வருடம், அதே வாரத்தை வைத்திருந்த ஒரு வயோதிபத் தம்பதியிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார்கள். புதிதாக விற்கும் விலையில் பத்தில் ஒரு பங்கு. என் உதாரணத்தில் 20,000க்குப் பதில் 2,000 என்று போட்டுப் பாருங்கள், இரண்டே வருடத்தில் முதல் வந்துவிடும். வாரப் பங்கை இரண்டாம் கையாக விற்பவர்கள் பெரும்பாலும் பெரும் நட்டத்துக்குத்தான் விற்கிறார்கள். சிலர் கட்டணச் சுமை தீர்ந்தால் போதும் என்று ஒரு டொலருக்கும் கொடுக்கிறார்கள். புதிதாக வாங்குவது சரியா என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் தங்களைக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அந்த மலைக்கு ஏற்கெனவே ஐந்து வருடமாவது தொடர்ந்து போயிருக்கிறோமா? எங்களுக்கு வேண்டியது ஒவ்வொரு வருடமும் அதே வாரம்தானா? கடந்த பத்து வருடத்தில் பராமரிப்புக் கட்டணம் எப்படி ஏறியது என்ற பட்டியலைத் தருவார்களா? பழுதுபார்க்கும் சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது? வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்க எழுத்தில் வழி இருக்கிறதா? இரண்டாம் கையாக வாங்குபவருக்கு எல்லாச் சலுகைகளும் உண்டா, சில கழிக்கப்படுமா? கடன் எடுத்துத்தான் வாங்க வேண்டுமென்றால் மேற்கொண்டு கேள்வியே வேண்டாம், வாங்காதீர்கள்.

வாரப் பங்கு வாங்கினால் பனிச்சறுக்கு வாங்கியதாகாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலையேறும் சீட்டு தனி, சப்பாத்தும் சறுக்குப் பலகையும் தலைக்கவசமும் தனி, பழக்குவதற்கு ஆள் தனி. கொலராடோவின் பெரிய மலைகளில் விடுமுறை நாளில் வாசலில் வாங்கினால் ஒருவருக்கு ஒரு நாள் சீட்டே 200 அமெரிக்க டொலரைத் தாண்டும். அதனால்தான் இப்போது பலர் பருவம் தொடங்குமுன் மலிவாக விற்கும் பருவச் சீட்டை எடுக்கிறார்கள். 2008இல் வந்த எபிக் சீட்டில் விஸ்லரும் பிறெக்கென்றிட்ஜும் வரும். 2018இல் வந்த ஐக்கன் சீட்டில் எங்கள் புளூ மவுண்டனும் கியூபெக்கின் மொன் ட்ரம்பிளானும் வரும். ஒரே சீட்டில் பல மலைக்குப் போகலாம் என்று ஆன பிறகு, ஒரே மலையடிவாரத்தில் வீடு வாங்கிக் காலைக் கட்டிக்கொள்வது ஏன்?

மலைகளும் ஒன்றுபோல் இல்லை. புளூ மவுண்டனில் உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் சுமார் 220 மீற்றர், பழகுபவர்களுக்கு நல்லது. மொன் ட்ரம்பிளானில் 645 மீற்றர். விஸ்லரில் 1,500 மீற்றருக்கு மேல். இன்றைக்குச் சின்ன மலை போதும் என்கிற பேரன் ஐந்து வருடத்தில் பெரிய மலை கேட்பான். அவனுக்காகப் பிறெக்கென்றிட்ஜில் வாங்கினால் பாட்டிக்கு மூச்சு முட்டும். அந்த நகரமே எங்கள் பீதுருதாலகாலை மலையின் உச்சியைவிட உயரத்தில் இருக்கிறது.

பனியும் முன்போல் இல்லை. 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றில் மிகவும் வெப்பமானது. தெற்கு ஒன்ராறியோவில் புல் தெரிந்தது. நிலையான வாரம் வாங்கியவருக்கு அந்த வாரம்தான், பனி இருந்தாலும் புல் இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். நாங்கள் அந்த வருடம் தை மாதம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, விடுமுறை நெரிசல் இல்லாத வாரமாகப் பார்த்து ட்ரம்பிளான் பக்கம் வீடு எடுத்தோம். வாடகைக்காரருக்குள்ள சுதந்திரம் அது.

வாடகைக்கும் எச்சரிக்கை வேண்டும். வாரப் பங்கு வைத்திருந்து தாங்கள் போகாதவர்கள், கட்டணத்தையாவது மீட்கலாம் என்று தங்கள் வாரத்தை வாடகைக்கு விடுவார்கள். அது பெரும்பாலும் விடுதியின் விலையைவிட மலிவு. ஆனால் காசு கொடுக்குமுன் விடுதிக்கு நேரே தொலைபேசி எடுத்து, அந்தப் பதிவு உண்மையா, எங்கள் பெயருக்கு மாற்றியாயிற்றா என்று கேட்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கடனட்டையில் கட்டினால் முறைப்பாடு செய்ய வழியுண்டு, பணமாகக் கொடுத்தால் இல்லை. துப்புரவுக் கட்டணம், வரி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலே கேளுங்கள். குடும்ப தின வாரமே வேண்டுமென்றால் முந்திய கோடையிலேயே பதிந்துவிடுங்கள்.

பங்கை வாடகைக்கு விட்டுக் கல்லூரிக்குக் காசு அனுப்பலாம் என்றும் யோசனையில் இருக்கிறது. எவ்வளவு பேர் தங்கள் கட்டணத்தை மீட்பதற்கே வாடகைக்காரரைத் தேடி அலைகிறார்கள் என்பதை இப்போதுதான் சொன்னேன். அவர்களோடு போட்டிபோட்டு நாங்கள் இலாபம் காண முடியாது. கல்லூரிக்குக் காசு அனுப்ப வேண்டுமென்றால் அனுப்புவோம். அதற்குப் பனிமலை வழியாகச் சுற்றிப் போகத் தேவையில்லை.

சகோதரிகளே, எனது அபிப்பிராயம் இதுதான். வாங்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் வரக்கூடியவர்கள் பெயர் கொடுப்போம். எட்டுப் பேர் என்றால் ஒரு வீடு, பதினாறு என்றால் இரண்டு. அந்த வருட வாடகையை அந்த வருடம் வருபவர்களே பகிர்வோம். வராதவர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அப்போது ஒருவரும் கடனாளியாகவும் மாட்டார், கோபக்காரராகவும் மாட்டார். அந்த 1,000 டொலரைப் போட ஏற்கெனவே மனம் வைத்தவர்கள், அதில் இயன்றதை நூற்றாண்டு நிதிக்குத் தாருங்கள். கல்லூரி நூலகத்தில் மழைக்கு ஒழுகும் பக்கத்துக் கூரை இன்னும் அப்படியே இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் கட்டத்தான் வேண்டுமென்றால், எங்களை வளர்த்த அந்தக் கூரைக்குக் கட்டுவோம்.

என் கணவர் இன்றைக்கும் சில நேரம் அந்தக் கோப்பைப் பற்றிக் கதைப்பார். "ஒரு உறுதி கையில இருந்திருக்கும்" என்பார். நான் சிரிப்பதில்லை. ஊரில் போன வீட்டுக்குப் பதிலாக ஒரு வீடு வேண்டும் என்கிற ஏக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த ஏக்கம் தவறல்ல. அதை விற்பனைக்காரர் கண்டுபிடித்துவிட்டார், அவ்வளவுதான். வருடத்தில் ஒரு வாரம் விடுமுறை வேண்டும் என்பது ஒரு தேவை, எமக்கென்று ஒரு நிலம் வேண்டும் என்பது இன்னொரு தேவை. ஒன்றுக்குரிய காசை மற்றதற்குக் கொடுத்தால் இரண்டும் கிடைக்காது.

ட்ரம்பிளானில் அந்த வாடகை வீட்டில் நாங்கள் ஏழு பேர் ஒரே வாங்கில் நெருக்கி இருந்து, ஒடியல் கூழ் காய்ச்சிக் குடித்தோம். வெளியே பாகை சைபருக்குக் கீழே இருபது. விடுதி நாளில் விளக்கை அணைத்தபிறகு போர்வைக்குள் கதைத்த கதைகளை அன்றிரவு மீண்டும் கதைத்தோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தோம். அந்த வீட்டுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை.

கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்க.